அப்புறத்தீவைத் தலைகீழாக ஒட்டியவர்கள்

எங்கள் அண்ணிக்குத் திமிர் என்று சொல்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். கத்தியை எடுத்துக்கொண்டு டாக்டர் மேல் பாய்ந்தார் என்றுகூட ஒரு கதை உலாவுகிறது. பாயவில்லை. கத்தியும் இல்லை, மெழுகு செதுக்குகிற ஒரு சின்னக் கருவி. பக்கத்தில் நின்றவள் நான். ஆகவே நடந்ததை நடந்தபடி நான்தான் சொல்ல வேண்டும். சொல்லும்போது குரல் ஏறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அண்ணி என்றால் என் கூடப் பிறந்த அண்ணனின் மனைவி. பல் லேபில் வேலை பார்க்கிறவர். டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சை வைத்துப் பல் செய்து கொடுக்கிற இடம் அது. நீளமாக ஒரு மேசை, ஆளுக்கொரு விளக்கு, ஆளுக்கொரு பூதக்கண்ணாடி, எதைத் தொட்டாலும் கையில் ஒட்டிக்கொள்கிற வெள்ளைத் தூசி. அண்ணியின் இடம் ஜன்னல் ஓரம். பல்லின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க முடியும் என்று சண்டை போட்டு வாங்கிய இடம். செராமிக் மாவைக் குழைத்து, முடி மாதிரித் தூரிகையால் அடுக்கடுக்காக ஏற்றி, கைப்பெட்டி அளவு அடுப்பில் சுட்டு எடுப்பார். எது சொந்தப் பல், எது அண்ணி செய்த பல் என்று வாய்க்குச் சொந்தக்காரருக்கே குழப்பம் வரும்.

ஆனால் சிரிப்பை மட்டும் அளந்துதான் செலவழிப்பார். "பல்லு வேலை செய்யறவ இப்படியா உர்ருன்னு இருப்பா?" என்று அண்ணன் சீண்டினால், "கசாப்புக் கடைக்காரர் நாள் பூரா ஆடு மாதிரி கத்திட்டா இருக்காரு?" என்று பதில் வரும். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் அலறுகிறவர்களிடம் நிதானமாகப் பேசிப் பேசி, வீட்டிலும் அதே நிதானம்தான். வீடு தீப்பிடித்தால்கூட, "பதட்டப்படாதீங்க, ஆள் வந்துட்டிருக்கு" என்பான்.

லேபுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, பல்லின் நிறத்தைப் படமெடுத்து ஒப்பிட்டுப் பார்க்கப் படம் திருத்துகிற சாஃப்ட்வேர் ஒன்றும் வந்தது. மற்றவர்கள் அதைத் தொடவே பயந்தார்கள். அண்ணி கற்றுக்கொண்டார். ஒருநாள் மதியம், யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல்லில் விரிசல் இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போயிருக்கிறார். ஒரு கட்டத்தில் பல் காணாமல் போய்விட்டது. நாலு மலை, நடுவில் பள்ளத்தாக்கு, அதிலிருந்து பிரிந்து ஓடுகிற ஓடைகள்.

"அப்படியே உள்ள இறங்கி நடக்கலாம் போல இருந்துச்சுடி," என்று அன்று சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து என்னிடம் சொன்னார். அண்ணி அளக்காமல் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய கம்ப்யூட்டருக்கு வாழ்வு வந்தது. வேலை முடிந்து வந்து, சமையலை முடித்து, அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். முதலில் திரை முழுக்கப் புகை மாதிரி ஒரு படம். அதை சாஃப்ட்வேரே போட்டுத் தரும். வெளுத்த இடம் மேடு, கறுத்த இடம் பள்ளம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே கொஞ்சம் வெளுப்பு, அங்கே கொஞ்சம் கறுப்பு என்று தடவித் தடவி மலையை வளர்ப்பார், ஆற்றுக்கு வழி விடுவார். அதன் பிறகுதான் கோடு. 'இந்தச் சாம்பல் நிறத்துக்கு மேலே இருப்பதெல்லாம் வெள்ளை, கீழே இருப்பதெல்லாம் கறுப்பு' என்று கட்டளை கொடுத்தால் படம் இரண்டாகப் பிரியும். பிரிகிற விளிம்பில் ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டில் எங்கே நின்றாலும் ஒரே உயரம். கொஞ்சம் உயர்த்தி இன்னொரு கோடு. இப்படிக் கடல் மட்டத்திலிருந்து உச்சி வரைக்கும், ஒவ்வொன்றும் தனித்தனி லேயரில், கண்ணாடித் தாளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய மாதிரி. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமவெளி. இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் நடத்தியபோது நான் தூங்கினவள். அண்ணி சொல்லித்தான் எனக்கு விளங்கியது.

கடைசியில் நிழல். வெளிச்சம் மேல் இடது மூலையிலிருந்து விழுகிறது என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மலைக்கும் மறுபக்கம் நிழல் போடுவார். அது விழுந்த நொடியில், தட்டையாகப் படுத்துக் கிடந்த கோடெல்லாம் எழுந்து நிற்கும். முதல் தடவை பார்த்தபோது நான் திரையைக் கையால் தடவிப் பார்த்தேன், உண்மையாகவே.

யார் எதற்குக் கூப்பிட்டாலும் அண்ணி அங்கிருந்தே, "அப்புறம் வரேன்," என்பார். யாராவது வந்து மருமகள் எங்கே என்று கேட்டால் அம்மா, "அவ அப்புறத்துல இருக்கா," என்பாள். தீவுக்கு அதுவே பெயராகிவிட்டது. அப்புறத்தீவு.

அம்மாவுக்கு முழங்கால் வலி, வெளியே போவது அபூர்வம். அதனால் அப்புறத்தீவில் குடியேற முதல் விண்ணப்பம் அம்மாவுடையதுதான்.

"எனக்கு ஆத்தங்கரையில ஒரு வீடு வெச்சுக் கொடேன்."

"வெள்ளம் வரும் அத்தை. மூணாவது கோட்டுக்கு மேல வைக்கிறேன்."

"அவ்வளவு உயரம் என் முட்டியால ஆகாது. அந்த மேட்டைக் கொஞ்சம் சரிச்சு விடு."

"நினைச்ச இடத்துல மலையைச் சரிச்சா, தண்ணி எந்தப் பக்கம் போகும்? கீழ இருக்கறவங்க வீட்டுக்குள்ள போகும்."

"கீழ யாரு இருக்கா?"

"இப்ப யாரும் இல்ல. நாளைக்கு வரமாட்டாங்களா?"

மாமியாரும் மருமகளும் ஒரு விடுமுறை மதியம் முழுக்க இதைப் பேசினார்கள். இல்லாத ஊரில் இல்லாத வெள்ளத்துக்காக! கடைசியில் மலையைத் தொடாமல், வளைந்து வளைந்து ஏறுகிற ஒரு பாதையைப் போட்டு, அம்மாவின் வீட்டை அதன் முடிவில் வைத்தார். நீளமாகப் படுத்துக் கிடந்த ஒரு குன்றுக்கு அண்ணனை நினைத்துத் தூங்குமூஞ்சிக் குன்று என்று பெயர். எனக்கு ஓர் ஆறு கொடுத்தார், வாயாடி ஆறு. நான் கோபித்துக்கொண்டதும் அதில் ஓர் அருவியையும் சேர்த்தார். அருவி வந்ததும் நான் சமாதானமாகிவிட்டேன்.

இப்போது டாக்டருக்கு வருகிறேன். ஊரில் எல்லோரும் பெரிய டாக்டர் என்று சொல்கிற பல் டாக்டர் அவர். அண்ணியின் லேபுக்கு அதிக வேலை கொடுப்பவர். அவருடைய கிளினிக் மாடியில். அதன் கீழே இருக்கிற மருந்துக் கடையில்தான் நான் வேலை பார்க்கிறேன். ஒருநாள் ஏதோ அவசர வேலைக்காக லேபுக்கு அவரே போயிருக்கிறார். இடைவேளையில் பார்க்க அண்ணி வீட்டிலிருந்து கொண்டுபோன தீவு, லேப் கம்ப்யூட்டர் திரையில் இருந்திருக்கிறது.

"என்னம்மா இது, எந்த ஊரு?"

"எந்த ஊரும் இல்ல டாக்டர். நானே செஞ்சது."

அவர் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தாராம். நியாயத்தைச் சொல்ல வேண்டும், ரசித்துத்தான் பார்த்திருக்கிறார். கிளினிக்கில் புதுசாக ஒரு வெயிட்டிங் ஹால் கட்டிக்கொண்டிருந்த சமயம். "என் ஹால்ல ஒரு சுவர் முழுக்க இதைப் போடலாம்மா. உன் பேரையும் போடுறேன்," என்றார். காசு வேண்டாம், பெயர் இருந்தால் போதும் என்று அண்ணி சொன்னார். லேப் முதலாளிக்கு அன்று தலைகால் புரியவில்லை.

சுவர் அளவு என்றால் சும்மாவா? திரையில் வழுவழுவென்று ஓடுகிற கோடு, அவ்வளவு பெரிதாக்கினால் படிக்கட்டு மாதிரி உடைந்து தெரியும். ஆகவே அண்ணி முதல் கோட்டிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி வரைந்தார். பெரிய படத்தைத் தூக்க முடியாமல் எங்கள் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். ஒரு கோட்டை இழுத்துவிட்டு அது நகர்வதற்குள் கீரை ஆய்ந்துவிடலாம். அண்ணன் எங்கிருந்தோ ஒரு ரேம் மெமரி வாங்கிவந்து உள்ளே செருகினான். சித்தி மகள் கல்யாணத்துக்குக்கூட அண்ணி வரவில்லை. சொந்தக்காரர்கள் அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள். ஊர்ப் பெயர் ஒவ்வொன்றும் சரிவின் வளைவோடு வளைந்து போக வேண்டும், சோஃபாவில் உட்கார்ந்து படிக்கிறவருக்குக் கண் வலிக்கக் கூடாது என்று எழுத்தெழுத்தாகத் திருப்பி வைத்தார். பல் வலியோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் கொஞ்ச நேரம் வேறெங்காவது போய்விட்டு வரட்டும் என்பது அண்ணியின் நினைப்பு.

ஹால் திறந்த அன்று அண்ணிக்கு அடுப்பில் வேலை, வர முடியவில்லை. கடையில் கூட்டம் குறைந்ததும் நான் மாடிக்கு ஓடினேன்.

கதவைத் திறந்ததும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. சுவர் முழுக்க ஏதோ இருந்தது, ஆனால் அது அப்புறத்தீவு இல்லை. மலை இருக்க வேண்டிய இடத்தில் குழி. மலைத்தொடர் இருக்க வேண்டிய இடத்தில் நீளமாக ஒரு பிளவு. கீழ்ப் பக்கம் அகலமாக விரிந்திருக்க வேண்டிய கடல் மேலே கிடந்தது. கழுத்தைச் சாய்த்துப் பார்த்த பிறகுதான் உறைத்தது. படத்தைத் தலைகீழாக ஒட்டியிருக்கிறார்கள்! வெளிச்சம் மேலேயிருந்து வரும் என்பது நம் கண்ணுக்குப் பிறவியிலேயே பழக்கம். படத்தைத் திருப்பினால் நிழலும் திரும்பும், அப்போது மேடெல்லாம் கண்ணுக்குப் பள்ளமாகத்தான் தெரியும்.

அதோடு விட்டார்களா? தலைகீழானால் எழுத்தும் தலைகீழாகும் இல்லையா, அதனால் பெயர்களை அழித்துவிட்டார்கள். பக்கத்து நிறத்தை எடுத்துப் பூசி, அத்தனை ஊரையும் துடைத்தாயிற்று. அம்மாவின் வீடு, அதற்குப் போன பாதை, என் அருவி, ஒன்றும் இல்லை. அருவி இருந்த இடத்தில் 'உங்கள் புன்னகை, எங்கள் பயணம்' என்று கொட்டை எழுத்தில் விளம்பரம். இத்தனைக்கும் கீழ் மூலையில் அண்ணியின் பெயர் மட்டும் நேராக, பளிச்சென்று!

சோஃபாவில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "சொத்தைப் பல்லுக்குள்ள போய்ப் படம் எடுத்திருக்காங்க பாருங்க. எவ்வளவு குழி! இதுக்கு மேல எப்படிப் பல்லு விளக்காம இருப்போம்?"

சாயங்காலம் போனில் எடுத்த படத்தை அண்ணியிடம் காட்டினேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அண்ணி போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, எழுந்து மேசையைச் சுற்றி எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தார். மறுபடி இந்தப் பக்கம் வந்து பார்த்தார்.

"பேரெல்லாம் எங்க?" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு இடைவேளையில் அண்ணி லேப் அங்கியோடு என் கடை வாசலில் வந்து நின்றார். "மேல வர்றியா?" என்றார். நான் மாத்திரை டப்பாவை மூடிவிட்டுக் கிளம்பினேன்.

ஹாலை அலங்காரம் செய்தது டாக்டரின் மச்சான். டாக்டர் வீட்டம்மாவின் தம்பி. எல்லோரையும் சிஸ்டர் என்று கூப்பிடுகிற இனம். அன்றைக்கு அவர் அங்கேதான் இருந்தார், பூந்தொட்டியை இங்கே வைப்பதா அங்கே வைப்பதா என்று பார்த்துக்கொண்டு.

"வாங்க சிஸ்டர்! எப்படி இருக்கு நம்ம சுவர்?"

"தலைகீழா இருக்கு," என்றார் அண்ணி.

"ஆமா சிஸ்டர், நான்தான் திருப்பினேன். நீலம் கீழ இருந்தா ரூம் சின்னதாத் தெரியுது. மேல இருந்தா வானம் மாதிரி ஒரு ஃபீல் வருது பாருங்க."

"அது வானம் இல்லீங்க, கடல்."

"யாருக்குத் தெரியப் போகுது சிஸ்டர்?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நீலத்தை மேல வெச்சு வேற ஒண்ணு செஞ்சு கொடுத்திருப்பேனே. இப்ப மலை பூரா குழியாத் தெரியுது. பேரை எல்லாம் யாரைக் கேட்டு அழிச்சீங்க?"

மச்சான் சிரித்தார். சின்னப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே மாட்டேன். "சிஸ்டர், நிஜ ஊரா இருந்தா தப்பு. இது கற்பனைதானே? கற்பனைத் தீவுல எது மேல, எது கீழ?"

அண்ணி சுவரிலிருந்து அவர் பக்கம் திரும்பினார். "நீங்க இங்க வாயில வைக்கிற பல்லும் நிஜம் இல்லதான். நான் செஞ்சது. அதைத் தலைகீழா வெச்சுப் பாருங்களேன்."

சோஃபாவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதற்குள் சத்தம் கேட்டு டாக்டர் கையுறையோடு வெளியே வந்தார். அண்ணி அவரிடமும் அதையே சொன்னார். கத்தவில்லை. மலை, நிழல், அழித்த பெயர்கள் என்று ஒவ்வொன்றையும் சுவரில் காட்டிக் காட்டிச் சொன்னார்.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "நல்லாத்தானேம்மா இருக்கு? வர்றவங்க எல்லாம் சூப்பர்னு சொல்றாங்க. ஒட்டினதை இப்ப எடுத்தா சுவரே பேந்துடும். அடுத்த தடவை பெயிண்ட் அடிக்கும்போது பார்த்துக்கலாம்."

"சரி டாக்டர். அதுவரைக்கும் என் பேரையாவது எடுத்துடுங்க."

"அது உனக்கு மரியாதைக்குப் போட்டதும்மா!"

"இது நான் செஞ்சது இல்ல டாக்டர். நான் செய்யாததுல என் பேர் எதுக்கு?"

"ஒட்டினதை எப்படிம்மா எடுக்கறது?" என்றார் டாக்டர், சலிப்போடு. உள்ளே ஒருவர் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறார் என்பது அவருடைய அவசரம்.

"நான் எடுத்துக்கறேன்," என்றார் அண்ணி.

அங்கிப் பையிலிருந்து மெழுகு செதுக்குகிற கருவியை எடுத்தார். நேராக மூலைக்குப் போய், தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து, தன் பெயரைச் சுற்றி நாலு பக்கமும் கீறினார். மயிரிழை பிசகவில்லை. நகத்தால் ஓர் ஓரத்தைக் கிளப்பி, மெதுவாக உரித்தார். வரவேற்பு மேசைப் பெண், "ஐயோ, ஐயோ!" என்றாள். மச்சான், "சிஸ்டர், என்ன இது, சிஸ்டர்!" என்று அங்கேயும் இங்கேயும் நடந்தார். டாக்டர் கையுறையை உருவிக்கொண்டிருந்தார். உரித்த துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அண்ணி எழுந்தார். முட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டார்.

இதுதான் நடந்தது. கத்தி எங்கே வந்தது, பாய்ச்சல் எங்கே வந்தது, நீங்களே சொல்லுங்கள்.

நாங்கள் கீழே வருவதற்குள் செய்தி லேபுக்குப் போய்விட்டது. முதலாளி அண்ணியைக் கூப்பிட்டு, "டாக்டருக்கு ஒரு போன் போட்டு, தெரியாம செஞ்சுட்டேன்னு சொல்லிடும்மா," என்றாராம்.

"தெரிஞ்சுதான் செஞ்சேன்," என்றிருக்கிறார் அண்ணி.

வேலையை விட்டு அனுப்பவில்லை. அதைவிடக் கேவலமான ஒன்றைச் செய்தார் முதலாளி. ஜன்னல் ஓரத்து இடத்தைப் பிடுங்கி, உள்ளே, பிளாஸ்டர் அரைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். நாள் முழுக்கக் காதுக்குள் கரகரவென்று அதன் சத்தம். பல்லின் நிறம் பார்க்க அண்ணி ஒவ்வொரு தடவையும் எழுந்து வாசலுக்குப் போய், வெயிலில் நின்று பார்த்துவிட்டு வர வேண்டும். தன் பெயரைத் தானே எடுத்துக்கொண்டதற்கு இந்தத் தண்டனை!

வீட்டில் அண்ணன் தன் லிஃப்ட் குரலில் ஆரம்பித்தான். "வாயில வர்ற ஒரு வார்த்தைதானே? சாரின்னு சொல்லிட்டா முடிஞ்சுது. நீ எதுக்கு இவ்வளவு டென்ஷன் ஆகறே? அது வெறும் படம்."

பதில் சொன்னது அம்மா. சோற்றுத் தட்டை ஓங்கி மேசையில் வைத்தாள்.

"வெறும் படமா? டேய், எனக்கு வெச்ச வீட்டை அழிச்சிருக்காங்கடா! யாரைக் கேட்டு அழிச்சான்? இவ எவ்வளவு பாடுபட்டு எனக்குப் பாதை போட்டா தெரியுமா உனக்கு? நீ படுத்துத் தூங்கறதுக்கு ஒரு குன்றையே கொடுத்திருந்தா. அதையும் குழியாக்கிட்டான், போய்ப் பாரு. நல்லா வசதியா படுத்துக்க!"

அண்ணன் மோர் ஊற்றிக்கொண்டான். ஆனால் மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் கிளினிக் மாடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். திரும்பி வந்தவன், "நிஜமாவே குழியாத்தான் இருக்கு," என்று முனகினான். அதற்குப் பிறகு சாரி என்ற பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் அம்மாவுக்குப் பல் வலி. வலி உண்மைதான், நான் சத்தியம் செய்வேன். ஊரில் வேறு பல் டாக்டரே இல்லையா என்று கேட்டால், "எனக்கு அங்கதான் போகணும்," என்று பிடிவாதம். படி படியாக நின்று நின்று ஏறினாள். சோஃபாவில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி முடித்து, சுவரை ஒரு நோட்டம் விட்டாள். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினாள்.

"தம்பி, அது என்னன்னு நினைக்கிறீங்க?"

"நிலாவா இருக்கும்மா. குழி குழியா இருக்கே."

"குழி இல்லப்பா, மலை. என் மருமக செஞ்சது. இவங்க தலைகீழா ஒட்டிட்டாங்க. கொஞ்சம் குனிஞ்சு பாருங்க, தெரியும்."

அவர் கழுத்தைச் சாய்த்தார். போதவில்லை. இன்னும் சாய்த்தார். கன்னம் வீங்கிய ஓர் அம்மாள் தலையைச் சோஃபா கைப்பிடி வரைக்கும் இறக்கி, "ஆமா, ஏதோ எழும்புது," என்றார். அதற்குள் ஆஜானுபாகுவான ஓர் ஆள் எழுந்து, சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, தன் கால்களுக்கு நடுவிலேயே பார்த்துவிட்டார்.

"அட! மலைங்க! எம்மாம் பெரிய மலை!" என்று அந்த நிலையிலேயே கத்தினார்.

அப்படிச் சொன்னால் யார் சும்மா இருப்பார்கள்? பல் வலி, ஈறு வீக்கம் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, ஹாலில் இருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு கோணத்தில் குனிந்தார்கள். வரவேற்பு மேசைப் பெண்கூட மேசைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் குனிந்ததை நான் பார்த்தேன். அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, "அதோ, அந்த மூணாவது கோட்டுக்கு மேல, அங்கதான் என் வீடு இருந்துச்சு. அந்தப் பக்கம் என் பொண்ணோட அருவி," என்று ஊர் சுற்றிக் காட்டினாள்.

அப்போது டாக்டர் கதவைத் திறந்தார். அவருக்கு முதலில் தெரிந்தது அந்த ஆஜானுபாகுவின் பின்புறம்.

"என்ன நடக்குது இங்க?"

"ஒண்ணுமில்ல டாக்டர்," என்றாள் அம்மா. "வலி மறக்கறதுக்கு எல்லாருக்கும் மலையைக் காட்டிட்டிருக்கேன்."

டாக்டரின் முகம் சிவந்தது. கோபமா வெட்கமா என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள எனக்கு அக்கறையும் இல்லை. அம்மாவை உள்ளே அழைத்துப்போய்ப் பல்லைப் பிடுங்கினார். வலிக்காமல்தான் பிடுங்கினார், கை சுத்தமான கை, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சுவரைச் சரிசெய்தார்களா? அந்தப் படத்தின் நட்ட நடுவில் ஒரு டிவியை மாட்டினார்கள். அண்ணி கீறி எடுத்த இடத்தை மறைக்கப் பூந்தொட்டி ஒன்று. மிச்சமிருந்த மலைகள் டிவிக்கு நாலு பக்கமும் குழிகளாகவே தெரிந்துகொண்டிருக்கின்றன. போதாக்குறைக்கு, மச்சான் அதே தலைகீழ்ப் படத்தை வேறு எங்கோ ஒரு ஹோட்டல் வரவேற்பறைக்கும் கொடுத்துவிட்டாராம், தன் டிசைன் என்று சொல்லி. அண்ணன் அங்கே லிஃப்ட் பார்க்கப் போனபோது கண்டுபிடித்தான். எங்கள் நிதான அண்ணன்! அன்றைக்கு அந்த மேனேஜரிடம் அவன் போட்ட சத்தத்தில் ரெண்டாவது மாடி வரைக்கும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்களாம். படத்தை எடுத்தார்களா என்றால், எடுக்கவில்லை. "விசாரிக்கிறோம்" என்றார்கள். இன்னும் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

மெஷின் சத்தத்துக்குப் பக்கத்தில் அண்ணி ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து பார்த்தார். வெயிலே இல்லாத நாட்களில் வாசலில் நின்று என்ன நிறம் பார்ப்பது? பிறகு ஒருநாள் அங்கியைக் கழற்றி மடித்து மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். இப்போது ஊரின் மறுகோடியில் ஒரு சின்ன லேபில் வேலை. ரெண்டு பஸ் மாறிப் போக வேண்டும். காலையில் எல்லோரும் எழுவதற்குள் கிளம்பிவிடுகிறார். ஆனால் அங்கே மூன்று பக்கமும் ஜன்னல்.

அப்புறத்தீவை அண்ணி மறுபடி தொடவில்லை. அம்மா எவ்வளவோ கேட்டும், அந்த ஃபைலைத் திறக்க மனசு வரவில்லை என்றுவிட்டார். கொஞ்ச நாள் கம்ப்யூட்டர் பக்கமே போகாமல் இருந்தார். வீடு என்னவோ போல் இருந்தது. பிறகு ஒரு விடுமுறை நாள், நான் துணி காயப்போட்டுவிட்டு வந்தால், திரை முழுக்கப் புகை. வேறு தீவு. இதில் நீளமான ஒரு கடற்கரை, கரையை ஒட்டிச் செங்குத்தான பாறைகள். யாரும் சுலபமாக ஏற முடியாத இடம்.

"இந்தத் தடவை யாருக்கும் கொடுக்காதீங்க அண்ணி," என்றேன்.

"கேட்டுட்டு வெக்கிறவங்களுக்குக் கொடுப்பேன்," என்றார் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

போன மாதம் அண்ணி என்னைப் பார்க்க மருந்துக் கடைக்கு வந்திருந்தார். டாக்டர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றார். நிற்காமலும் போயிருக்கலாம், நின்றார்.

"என்னம்மா, எப்படி இருக்கே? புது இடம் சௌகரியமா?"

"நல்லா இருக்கேன் டாக்டர்."

கொஞ்சம் இழுத்து, பாதி சிரிப்போடு கேட்டார்: "இன்னும் என் மேல கோபமாத்தான் இருக்கியா?"

இந்த மாதிரிக் கேள்விக்கு நம்மில் எல்லோருக்கும் ஒரே பதில்தான் வரும். 'ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க' என்று குழைவோம். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். வாய் வரைக்கும்கூட வந்துவிட்டது, அண்ணிக்குப் பதிலாக நானே சொல்லிவிடலாமா என்று.

"ஆமா டாக்டர்," என்றார் அண்ணி.

அவர் தலையை ஆட்டினார். பிறகு வெயிலில் இறங்கிக் காரை நோக்கி நடந்தார். அண்ணி கவுண்டரில் கையூன்றிக்கொண்டு, அம்மாவின் முழங்கால் தைலம் வந்துவிட்டதா என்று கேட்டார்.